வாரியத்தில் உங்கள் நாற்காலி

இன்று காலை கெலுகோரில் போட்டோஸ்டாட் எடுக்கப் போனேன், அக்கா. இயந்திரத்திலிருந்து சூடாக வந்த தாளைக் கையில் எடுத்ததும், அந்த மை வாசனையில் உங்கள் முகம் வந்து நின்றது. நீங்கள் கண்மூடி ஆறு மாதமாகிறது. கோபமில்லாமல் உங்களை நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

நம் மூத்த பிள்ளைகள் ஒரே தமிழ்ப்பள்ளியில், ஒரே வகுப்பில் படித்தார்கள். நீங்கள் வக்கீல் ஆபீஸில் கிளார்க். நான் லிட்டில் இந்தியாவில் சேலைக் கடையில். பள்ளித் திடலில் பாதியைக் கார் நிறுத்தத்துக்கு விடுவதென்று பள்ளி மேலாளர் வாரியம் முடிவெடுத்தது. பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாரியத்தில் இருந்த ஒருவருடைய பிள்ளைகூட அங்கே படிக்கவில்லை.

“ஸ்கூல கவர்மெண்டு நடத்துறது நம்ம வரிப்பணத்துல. அப்போ வாரியத்துல பாதிப் பேர நாமதான் ஓட்டுப் போட்டு அனுப்பணும்,” என்றீர்கள். எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதே இல்லை.

அதையே கேட்டு ஒரு மனுவை நீங்கள் எழுதினீர்கள். இருவரும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினோம். லிஃப்ட் கெட்டுப்போன அடுக்குமாடி புளோக்கில் ஒன்பது மாடி ஏறி, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அவர்கள் தந்த மைலோவைக் குடித்துச் சிரித்தோமே.

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் மனுவை நீங்கள்தான் வாசிப்பதாக ஏற்பாடு. என் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தேன். நீங்கள் மேடைப் பக்கம் நடந்தீர்கள்.

“பெற்றோர் சார்பா இவங்கள வாரியத்துல நியமிச்சிட்டோம். இனிமே தேர்தல்லாம் எதுக்கு லா?” என்றார் வாரியத் தலைவர். நீங்கள் குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தீர்கள். மனு அதற்குள்தான் இருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “எப்போ பேசி முடிச்சீங்க?”

“போன வாரமே. உள்ள போனாத்தானே தங்கச்சி ஏதாச்சும் செய்ய முடியும்.”

“போன வாரம் என்கூட ஒம்போது மாடி ஏறுனீங்களே, அக்கா.”



வாரியத்துக்குள் போய்ப் பள்ளிக் கழிவறைகளைப் பழுதுபார்க்க வைத்தீர்கள்; அதை மறுக்க மாட்டேன். ஆனால் திடல் போனது போனதுதான். கடைசியில் உங்களைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது என் கையைப் பிடித்து, “அன்னைக்கு...” என்று தொடங்கினீர்கள். “கஞ்சி குடிச்சீங்களா?” என்று பேச்சை மாற்றினேன். மன்னிப்புக் கேட்டுவிடுவீர்களோ என்று பயம்.

போன மாதம் தலைவர் போன் செய்தார். “அவங்க எடம் காலியாத்தான் இருக்கு. நீங்க வாங்களேன்.”

இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தேன். முதல் கூட்டத்துக்கு எந்தச் சேலை கட்டலாம் என்றுகூட யோசித்தேன், அக்கா. பிறகுதான், “ஓட்டு வைங்க, நிக்கிறேன்,” என்றேன். வேறொருவரை நியமித்துவிட்டார்கள்.

என் சின்னவள் இன்னும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். தேர்தல் கேட்டுப் புது மனு ஒன்றை நானே எழுதினேன்; காலையில் போட்டோஸ்டாட் எடுத்தது அதைத்தான். இன்று மாலை தட்டிய முதல் கதவைத் திறந்தவர், அன்று நமக்குக் கையெழுத்துப் போட்டவர். பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார்: “நீயும் அவங்க மாதிரி உள்ள போயிட மாட்டியே?”

“மாட்டேன்” என்றேன். வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இனி ஒவ்வொரு வாசலிலும் எனக்கு அந்தப் பார்வை உண்டு. நீங்கள் எனக்கு விட்டுப்போனது அதுதான்.