வடக்குச் சுவரின் வெடிப்பு

இயேசு மரி சூசை துணை

கோவில்பட்டி
20.11.1983

அன்பு மகன் லூர்துராஜுக்கு அம்மா ஆசீரோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் பிலாய்க் குளிருக்கு நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். வீட்டை விற்றுவிட்டு உன்னோடே வந்து இருந்துவிடச் சொல்லிப் புரட்டாசியில் எழுதியிருந்தாய். நானும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சரியென்றுதான் இருந்தேன். வடக்குச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து தரை வரை அப்படி ஒரு வெடிப்பு. கரிசல் மண் கோடையில் பிளந்து மழையில் உப்பி அஸ்திவாரத்தையே அசைத்துவிட்டது என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். போன வருஷம் தன் வீட்டுச் சுவர் சரிந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டு ஜானகியம்மாளும், இனி இது நிக்காது மதினி என்று சொல்லிவிட்டாள். அந்த அறையில் படுப்பதையே விட்டுவிட்டோம். வெடிப்பைச் சொல்லியே விற்போம், ஆனாலும் வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு பாங்காக இருக்கட்டும் என்று அப்பா பெயிண்டர் கருத்தையாவைக் கூப்பிட்டார்.

அப்பா ஆசை ஆசையாக அடித்த பச்சை ஆயில் பெயிண்ட் எப்படி மின்னும், உனக்குத் தெரியும். அதன் மேல் புதுப் பெயிண்ட் பிடிக்காது, மினுக்கம் போகத் தேய்க்கணும் என்றார் கருத்தையா. அத நாங்களே பாத்துக்கிடுதோம் என்று அப்பா வீராப்பாகச் சொல்லிவிட்டார். சலவை சோடா கரைத்த தண்ணீரில் பிசுக்கைக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டேன். பிறகு மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு, கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி இரண்டு பேரும் தேய்த்தோம். தடவினால் சொரசொரவென்று இருக்க வேண்டுமாம். எனக்குத் தோள்பட்டையே கழன்றுவிட்டது, அப்பா பாதி நேரம் பீடி குடிக்கத்தான் போனார். வெடிப்பு இருந்த இடத்துக்கு வந்ததும் பெயிண்ட் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கை படும் இடம் என்று அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அங்கே மட்டும் மேலுக்கு மேல் அடித்திருக்கிறார். அந்தப் பட்டைதான் வெயிலில் பிளந்திருக்கிறது. ஏட்டி, இங்கன வந்து பாரு, சுவரு முழுசா இருக்கு என்று அப்பா போட்ட சத்தத்தில் ஜானகியம்மாளும் ஓடி வந்துவிட்டாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தீப்பெட்டி ஒட்டும் ஊதாத்தாளில் ஒரு கீற்றைக் குறுக்கே ஒட்டிவைத்தேன், சுவர் அசைந்தால் கிழியுமல்லவா. ஐப்பசி மழை கொட்டித் தெருவெல்லாம் சேறாகிவிட்டது, தாளில் ஒரு கீறல் இல்லை. நான் ஓவென்று அழுதுவிட்டேன் லூர்து. இப்போது அந்த அறையில்தான் படுக்கிறோம். மழை ஓய்ந்ததும் பிரைமர் அடிக்க வேண்டும். உங்கள் குவார்ட்டர்ஸிலும் தேய்க்காமல் அடிக்க விடாதே, பேத்தியைத் தூசிப் பக்கம் அண்டவிடாதே.

உன்னிடம் வர எனக்கு இஷ்டமில்லை என்று நினைத்துவிடாதே. போக்கிடம் இல்லாமல் வருவது வேறு, பிள்ளையைப் பார்க்க வருவது வேறு. ஈஸ்டர் கழித்துக் கட்டாயம் வருகிறோம். மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும். டிக்கெட் எடுக்கும்போது மறக்காமல் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
இஞ்ஞாசியம்மாள்