ரோபோவுக்கு அப்பா குரல்

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நாங்க ரெண்டு பேரும் வெளியில சொல்லிக்கிற அளவுக்கு நல்லாவே இருக்கோம், நீயும் அங்க குளிருக்குக் காதை மூடிக்கிட்டு வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்னு நம்பித்தான் இதை எழுத உட்கார்றேன். ஃபோன்லயே சொல்லலாம், ஆனா ஃபோனை எடுத்தா எனக்குப் பாதி மறந்துடுது, மீதியை நீ சரிம்மா சரிம்மான்னு முடிச்சுடுறே. அதுவுமில்லாம அப்பாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு சத்தமா சொல்ற விஷயம் இல்லை இது. அக்கா வாரத்துல பாதி நாள் இங்கதான். மாப்பிள்ளை குளியலறைச் சுவர்ல கம்பி அடிச்சுக் கொடுத்திருக்கார், அப்பா இடது கையால அதைப் பிடிச்சுக்கிட்டுத் தானே எழுந்து நிக்கிறார். பக்கவாதத்துல விழுந்த வலது கை அப்படியேதான் இருக்கு. பேச்சும் அப்படியேதான்.

பொம்மைகளைக் கேட்டிருந்தே. உங்க ஆபீஸ்காரர் யாரோ பழைய பொம்மைக் கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போனாருன்னும், அங்க நம்ம விண்கலம் சீரியல் ரோபோ அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காம கண்ணாடிக்குள்ள நின்னுச்சுன்னும், அதை விட்டு நகரவே மனசு வரலைன்னும் மெசேஜ்ல எழுதியிருந்தே. நம்மளது இருந்தா பார்சல்ல அனுப்பும்மான்னு கேட்டிருந்தே. இருக்குடா, எல்லாமே இருக்கு. மாப்பிள்ளைதான் பரண்ல ஏறித் தும்மித் தும்மி எடுத்துக் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டி வாங்கின அட்டைப்பெட்டிக்குள்ள, அப்பாவோட கிழிஞ்ச வேலைச் சட்டையில சுத்திக் கிடந்துச்சு. கேப்டனோட நீலக் கோட்டு வெளுத்துப் போச்சு, உடைஞ்ச கைக்கு அப்பா செம்புக் கம்பியில செஞ்சு மாட்டின கை மட்டும் இன்னும் கெட்டியா இருக்கு. டாக்டரம்மா பொம்மை, நெத்தியில மூணாவது கண்ணு வெச்ச வேத்துக்கிரகத்து மூணு கண்ணன், ரெண்டும் பத்திரம். ரோபோவுக்கு நெஞ்சுல வெள்ளிப் பூச்சே இல்லை, அவ்வளவும் உன் விரல்லயும் அப்பா விரல்லயும் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கு.

உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ தெரியலை. அந்த சீரியல் பார்த்த பழைய டிவியை யாரோ வித்தாங்கன்னு வாங்கிட்டு வந்தோம், படம் பளிச்சுன்னு வந்துச்சு, சத்தம் மட்டும் வரலை. மெக்கானிக் அடுத்த வாரம் ஸ்பீக்கர் வந்துடும் அடுத்த வாரம் வந்துடும்னு சொல்லியே உன்னை ரெண்டு கிளாஸ் ஏத்திட்டான். உங்கப்பாவோ தண்ணி ஏத்துற பம்ப் ஹவுஸ்ல நாளெல்லாம் மோட்டார் இரைச்சல்ல இருந்துட்டு வர்ற மனுஷன், கல்யாண வீட்டுல யாராவது சௌக்கியமான்னு கேட்டாக்கூட தலையாட்டி முடிச்சுக்குவார். அப்பேர்ப்பட்டவர் அந்த ஊமை டிவிக்கு முன்னாடி உன்னை மடியில போட்டுக்கிட்டு, வாயசைக்கிறவங்களுக்கெல்லாம் தானே பேச ஆரம்பிச்சார். அடுப்படியில நான் கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டேன், வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்துட்டாங்கன்னு நினைச்சேன். டாக்டரம்மாவுக்கு என் குரல், மூணு கண்ணனுக்கு பம்ப் ஹவுஸ் மேலதிகாரி குரல், ரோபோவுக்கு மட்டும் பேசறதுக்கு முன்னாடி மோட்டார் கிளம்புற மாதிரி உதட்டை அதிரவிட்டு ஒரு டுர்ர்ர். கடைசியில மெக்கானிக் வந்து சத்தத்தை சரி பண்ணிட்டுப் போன அன்னைக்கு, இது நம்ம கேப்டன் இல்லைன்னு நீ குப்புறப் படுத்து அழுத அழுகை இருக்கே! அப்பா எழுந்துபோய் சத்தத்தைக் குறைச்சுட்டு வந்து உட்கார்ந்தார்.

அப்புறம்தான் இந்தப் பொம்மைங்க ஒவ்வொண்ணா வீட்டுக்கு வந்துச்சு. கேப்டன் நீ, மத்த எல்லாரும் அவர். நீ கணக்குல ஃபெயிலாகி மார்க் கார்டை ஒளிச்சு வெச்சப்போ அவர் உன்னை ஒரு வார்த்தை திட்டலை, ரோபோதான் வந்து, கேப்டன், பூமியிலிருந்து வரவேண்டிய ஒரு தகவல் வழியில காணாமல் போயிருக்கிறதுன்னு சொல்லுச்சு, நீ கொண்டுவந்து நீட்டினே. எனக்கும் அவருக்கும் சண்டைன்னா ரோபோ அடுப்படி நிலைப்படியில வந்து நிக்கும். ஆளைப் பார்க்க முடியாது, கையும் ரோபோவும் மட்டும் தெரியும். டுர்ர்ர், உள்ளே வர அனுமதி உண்டான்னு கேட்கும். மூஞ்சியை உம்முன்னு வெச்சுக்கணும்னு எவ்வளவு பிடிச்சாலும் சிரிச்சுடுவேன். யோசிச்சுப் பார்த்தா, அவர் நேரா எங்கிட்டப் பேசினதைவிட ரோபோ பேசினதுதான் அதிகம். அந்த சாயங்காலங்களை நினைச்சு மனசு கிடந்து ஏங்குதுடா. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் கை நிலைப்படியில தெரியாதான்னு இருக்கு.

இப்ப நான் சொல்றதைக் கோபப்படாம படி. நீ அக்காகிட்ட, நான் பேசப் பேச அப்பா ஃபோனைத் தள்ளிவிடுறார், அவரைக் கஷ்டப்படுத்துற மாதிரி இருக்கு, இனிமே அம்மாகிட்டயே கேட்டுக்கிறேன்னு சொன்னியாம். அப்புறம் நீ அவர்கிட்டக் கொடுன்னு கேட்கறதே இல்லை. ஆனா உன் ஃபோன் அடிச்சா அவர் நிமிர்ந்து உட்கார்றது உனக்குத் தெரியாது. நான் பேசி முடிச்சு கீழே வைக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்துட்டு அப்புறம்தான் படுப்பார். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பொண்ணு வருது, தங்கமான பொண்ணு, ஆனா அது பூனைப் படத்தையும் வாழைப்பழப் படத்தையும் காட்டி இது என்னன்னு கேட்டா அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்குவார். ரோஷக்காரர்.

பார்சல் கட்டலாம்னு பொம்மைகளை சோப்புத் தண்ணியில கழுவி ஜன்னலோரமா வெயில்ல காயவெச்சேன். அவர் பார்த்துக்கிட்டே இருந்தார். நான் சும்மா விளையாட்டுக்கு ரோபோவைக் கையில எடுத்து, ஐயா மாத்திரை சாப்பிட நேரமாச்சுன்னேன். அவருக்கு வந்துச்சே கோபம்! கட்டிலைத் தட்டுறார், தலையைத் தலையை ஆட்டுறார். எனக்குப் புரியலை. அக்காதான் சிரிச்சுக்கிட்டு, அம்மா நீ டாக்டரம்மா குரல்ல பேசுறே, அது ரோபோவுக்கு ஆகாதுன்னா. ரோபோவை எங்கிட்டேருந்து இடது கையால பிடுங்கினார். உதட்டைக் கூட்டிக்கூட்டிப் பார்க்கிறார், எச்சில்தான் வழியுது. நான் துடைக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, கடைசியில கோணலா, மெலிசா, டுர்ர்னு ஒண்ணு வந்துச்சு. அக்கா முகத்தைப் பொத்திக்கிட்டு வெளியே போயிட்டா. பேச்சுப் பொண்ணுகிட்ட சொன்னேன், அதுக்கு அது, ரொம்ப எதிர்பார்க்காதீங்கம்மா, ஆனா உதடு சொன்னபடி கேட்டுச்சுன்னா நல்ல விஷயம், விடாதீங்கன்னுச்சு. இப்ப பூனைப் படத்தையெல்லாம் மூட்டை கட்டிட்டு அதுவும் மூணு கண்ணனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

நேத்து அவர் கேப்டனை எடுத்து ஃபோன் மேல சாய்ச்சு வெச்சார். நான் தூசி துடைக்கிறதுக்காக எடுத்து வேற இடத்துல வெச்சேன், திரும்பவும் கொண்டுபோய் அங்கயே வெச்சார். எனக்கு அப்பதான் உறைச்சுது, பொம்மைங்க வந்ததுலேருந்து கேப்டனுக்கு அவர் பேசினதே இல்லையே, அது உன் வேலையாச்சே.

அதனால பொம்மைகளை அனுப்பமாட்டேன், வருத்தப்படாதே. வேணும்னா நீயே வந்து அவர் கையால வாங்கிக்கோ. அதுவரைக்கும் ஃபோன் பண்ணும்போது எப்படிப்பா இருக்கீங்க, சாப்பிட்டீங்களான்னு கேட்காதே, அதுக்கெல்லாம் அவரால பதில் சொல்ல முடியலை, அந்த அவமானத்துலதான் தள்ளிவிடுறார். கேப்டனாப் பேசு. எந்த கிரகத்துல இருக்கே, கலத்துல என்ன ரிப்பேர்னு சொல்லு. பக்கத்துல யாராவது இருந்தா சிரிப்பாங்களேன்னு பார்க்காதே, சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

உடம்பைப் பார்த்துக்கோ. வெறும் டீயைக் குடிச்சுட்டு வேலைக்கு ஓடாதே, செருப்பில்லாம அந்தக் குளிர்த் தரையில நடக்காதே. நீ நினைச்சதெல்லாம் நல்லபடியா நடந்து, நீயும் நாலு பேருக்கு நல்லவனா நீண்ட காலம் நல்லா இருக்கணும், எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் எப்பவும் உனக்கு உண்டு. ஞாயித்துக்கிழமை மறக்காம கூப்பிடு. நீ பேசினதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் சத்தமே வரலைன்னா லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு வெச்சுடாதே. அவருக்கு நேரமாகும். இரு.

இப்படிக்கு,
உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற
அம்மா