இரண்டு பானையிலும் கை வைத்த மெம்பர்

வெஸ்ட் டன்மோர்
ஜூன் மாதம், சனிக்கிழமை

அன்பு மகன் வெஸ்லிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. என் வலது கை ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். பனி கொட்டும் அலாஸ்காவுக்குப் பணிக்குப் போன நீயும், உன் படகும், நீ பிடிக்கும் மீனைத் தவிர மற்றவர்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை ஹெட்டி. ஒரு எழுத்துக்கூடச் சொந்தமாகச் சேர்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள். (எழுத்துதானே அண்ணா சேர்க்கக் கூடாது, வாக்கியம் சேர்க்கலாமே. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. அப்பாவின் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் இதை அவர் படித்துப் பார்ப்பார் என்ற பயமில்லை.)

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் தேர்தல். சட்டமன்றத்தில் இரண்டு தடவை நான் உட்கார்ந்த நாற்காலி இந்தத் தடவை என் கையை விட்டுப் போய்விடும் போலிருக்கிறது. உன் தபால் ஓட்டு எனக்கு அவசியம் வேண்டும். காரணம் கேட்காமல் போட்டு அனுப்பு என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் ஊரிலிருந்து யாராவது கண்ணும் காதும் மூக்கும் வைத்து உனக்கு எழுதிவிடுவார்கள், அதற்கு நானே சொல்லிவிடுகிறேன். நான் அரசியலுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். நம் ஊரில் அவரவர் குப்பையை அவரவரே சனிக்கிழமை காலை கிடங்குக்குக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டியிருப்பதால் ஓட்டுக் கேட்கிறவனும் அங்கேதான் நிற்க வேண்டியிருக்கிறது. பழைய மெம்பர் வெயில் தேடி ஃப்ளாரிடாவுக்குக் குடிபோன வருஷம், நான் பாட்டில்களைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது நாலு பேர் வந்து, “ஹார்லன், பேசாம நீ நில்லேன்” என்றார்கள். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. எதிர்த்து நிற்க ஆளில்லாமல் ஜெயித்தேன். (அப்பாவின் அரசியல் வாழ்க்கை குப்பையில் தொடங்கியது என்று நான் சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.) சம்பளம் காபிக்குக் காணாது என்றாலும் மெம்பர் நம்பர் போட்ட கார்த் தகடு கொடுத்தார்கள், டோல் கட்ட வேண்டாம் என்றார்கள், மனுஷனுக்கு வேறென்ன வேண்டும். (டோல் கட்ட வேண்டாம் என்பதற்காகப் பக்கத்துத் தெருவில் பால் வாங்க நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு போவார். பால் வீட்டுக்கு வரும்போது தயிர்.)

நம் சட்டமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நானூறு மெம்பர்களில் யார் எந்த மசோதா கொடுத்தாலும் அதை விசாரித்துச் சபையில் ஓட்டுக்கு விட்டே ஆக வேண்டும். எனவே கிடங்கில் யார் என்ன கேட்டாலும் நான், “அதுக்கென்ன, ஒரு மசோதா போட்டுட்டாப் போச்சு” என்பேன். கேட்டவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். சபையில் அது தோற்றுப்போனாலும், நம்ம ஹார்லன் முயற்சி பண்ணினானே என்பார். இப்படியே இரண்டு தேர்தல் ஓடியது. மூன்றாவதற்கு முன்னால்தான் பயறு வந்து சேர்ந்தது. சர்ச் கூடத்துச் சனிக்கிழமை விருந்து உனக்கு மறந்திருக்காது, நீள மேஜையின் ஒரு முனையில் உன் அம்மாவின் பானை நிறைய மஞ்சள் பொட்டு விழுந்த மஞ்சள் கண் பயறு, மறுமுனையில் ஆர்கன் வாசிக்கும் ஆர்டித் ப்ளாஜெட் அக்காவின் சின்ன வெள்ளைப் பயறுப் பானை. இரண்டிலும் அதே வெல்லப்பாகு, அதே உப்புக்கண்டம், ராத்திரி முழுக்க அதே அடுப்புச் சூடு, ஆனால் இந்தப் பானைக்காரர்கள் அந்தப் பானைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார்கள். ஊரில் பாதி இங்கே, பாதி அங்கே. நான் மட்டும்தான் தட்டில் இந்தப் பக்கம் ஒரு கரண்டி, அந்தப் பக்கம் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டு நடுவில் உட்காருவேன். உன் அம்மாவும் அதை ஒன்றும் சொன்னதில்லை, மெம்பர் ஆனவர் நாலு பேருக்குப் பொதுவாகத்தானே இருக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் ஆர்டித் அக்கா கிடங்கில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “ஹார்லன் தம்பி, மாநிலத்துக்குன்னு ஒரு பறவை இருக்கு, ஒரு பூ இருக்கு, ஒரு மரம் இருக்கு. ஒரு பயறு வேணாமா? நம்ம வெள்ளைப் பயறுக்கு ஒரு மசோதா போடேன்” என்றாள். அதுக்கென்ன என்றேன். அந்த வாரமே உன் அம்மா மாவு பிசைந்துகொண்டே, “ஊருக்கெல்லாம் மசோதா போடுறீங்க, கட்டினவளுக்கு ஒண்ணு போட்டா விரல் தேஞ்சிடுமா? என் மஞ்சள் கண் பயறை மாநிலப் பயறாக்குங்க” என்றாள். அதற்கும் அதுக்கென்ன என்றேன். ஒன்று ஜனவரியில் வரும், இன்னொன்று மே மாதம் வரும், நடுவில் பனி உருகுகிற சேற்றில் ஜனங்கள் எல்லாவற்றையும் மறந்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். சபை அலுவலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி, இரண்டும் பயறுதானே என்று ஒரே நாளில் போட்டுவிட்டான். (பயறு விஷயத்தில் பயம் அறியாதவர் அப்பா.)

அந்த நாள் வந்தபோது ஊரே சர்ச் பஸ்ஸில் தலைநகரத்துக்குக் கிளம்பிவிட்டது. நான் முன்னாடியே காரில் போய்விட்டேன், பஸ்ஸில் நடந்ததை ஹெட்டிதான் சொன்னாள். உன் அம்மா மடியில் துணி போட்டு மூடிய பானையோடு ஏறினாளாம். அடுத்த நிறுத்தத்தில் ஆர்டித் அக்காவும் மடியில் துணி போட்டு மூடிய பானையோடு ஏறினாளாம். “பானை எதுக்குக்கா?” என்று இவள் கேட்க, “என் மசோதாவுக்கு வந்த இடத்துல மெம்பர்களுக்கு ருசி காட்டத்தான். உனக்கு எதுக்குடி?” என்று அவள் கேட்க, இவள், “என் மசோதாவுக்கு” என்றாளாம். பிறகு இருவருமாக ஒரே குரலில், “யார் போட்டாங்க?” (அண்ணா, அப்போது பஸ்ஸில் இருந்த அமைதி இருக்கிறதே, வருஷம் பூராவும் சர்ச்சில் பாதிரியார் கேட்டும் கிடைக்காத அமைதி.)

மத்தியானம் இரண்டு பானையையும் சபைக்கு வெளியே தாழ்வாரத்தில் இறக்கினார்கள். மெம்பர்கள் கட்சி பேதமில்லாமல் இரண்டிலும் அள்ளி அள்ளித் தின்றார்கள். பிறகு கதவை அடைத்துக்கொண்டு சபை கூடியது. (இதை எழுதக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஆகவே எழுதுகிறேன். சபாநாயகர் குரல் வாக்கெடுப்புக்கு அழைக்கும் முன்பே அவையின் பல பகுதிகளிலிருந்து குரல்கள் எழுந்தன. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமில்லை. ஜன்னலைத் திறக்கும் தீர்மானம் மட்டும் ஏகமனதாக நிறைவேறியது.) கமிட்டி இரண்டு மசோதாவையும் தள்ளிவிடச் சொல்லியிருந்தது. மசோதா கொடுத்தவன் நான் என்பதால் எழுந்து நின்றேன். பார்வையாளர் மாடத்தின் இடது கோடியில் உன் அம்மா, வலது கோடியில் ஆர்டித் அக்கா, இருவரும் கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். மாநிலத்தின் வடக்குப் பக்கத்து மெம்பர் ஒருவர் எழுந்து, “சபாநாயகர் அவர்களே, ரெண்டும் இவர் குழந்தைதான், சரி. இவர் எதைச் சாப்பிடுவாருன்னு சொன்னா நாங்க ஓட்டுப் போட வசதியா இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆமாம் சொல்ல இடதிலும் வழியில்லை, வலதிலும் வழியில்லை. அப்போது என்னை அறியாமல் என் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. “எனக்குப் பயறே ஆகாதுங்க. ரெண்டுமே பிடிக்காது. சின்ன வயசிலேர்ந்தே வயித்தைப் பிசையும்.”

அரசியலுக்கு வந்த பிறகு நான் இல்லை என்று சொன்னது அது ஒன்றுதான். அதையும் மைக்கில் சொல்லியிருக்கிறேன். ஓட்டெடுப்பில் இரண்டு மசோதாவும் மண்ணைக் கவ்வின. நான் இரண்டுக்கும் ஆமாம் பொத்தானைத்தான் அமுக்கினேன், பலகையில் என் பச்சை விளக்கு இரண்டு தடவையும் கிட்டத்தட்டத் தனியாகவே எரிந்தது. அதை யார் பார்த்தார்கள். வீடு திரும்பும்போது உன் அம்மா என்னோடு காரில் வந்தாள். டோல் தாண்டியதும், “அப்ப இத்தனை வருஷமா நான் ஆக்கிப் போட்டதையெல்லாம் யார் தின்னது?” என்று மட்டும் கேட்டாள். வீட்டு வாசலில் நம் நாய் கர்னல் எழுந்து வர முடியாமல் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். (கர்னல் இப்போது இளைத்து வருகிறான். குற்றத்தை ஒப்புக்கொண்டது அப்பா, தண்டனை அவனுக்கு.)

கை முறிந்ததும் அதன் தொடர்ச்சிதான். மே மாதக் கடைசியில் போர்வீரர் நினைவு நாள் ஊர்வலத்தில் லாரிப் பின்பலகையில் நின்றுகொண்டு போனேன். மஞ்சள் கண்காரர்கள் சாலையின் இந்தப் பக்கம், வெள்ளைப் பயறுக்காரர்கள் அந்தப் பக்கம், இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, சமாதானம் செய்துவிடலாம் என்று ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டினேன். பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. விழுந்தவனைத் தூக்க மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். மாவுக்கட்டின் மேல் ஹெட்டி எனக்காக ஒரு பக்கம் ஆமாம் என்றும் மறுபக்கம் இல்லை என்றும் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். வாயால் சொல்ல வராவிட்டால் கையைத் திருப்பிக் காட்டுங்கள் என்றாள். (இதுவரை ஆமாம் பக்கம்தான் அழுக்காகியிருக்கிறது.)

அடுத்த வாரம் கதவைத் தட்டாமல் ஆர்டித் அக்கா நம் சமையலறைக்கு வந்தாள். ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள், ஒரே மேஜையில் உட்கார்ந்து காபி குடித்தார்கள். நான் உள்ளே போனதும் பேச்சை நிறுத்தினார்கள். மறுநாள் உன் அம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, “டவுன் கிளார்க் ஆபீஸ் வரைக்கும் கூட வாங்களேன்” என்றாள். அதுக்கென்ன என்று போனேன். கதவைக்கூட இடது கையால் நான்தான் திறந்துவிட்டேன். அங்கே போய் அவள் எதிர்க்கட்சியில் சேர்ந்து, என் தொகுதிக்கு வேட்பாளராகப் பெயர் கொடுத்தாள். கிளார்க் என்னைப் பார்த்து, “ஹார்லன், உனக்கு ஆட்சேபணை ஏதாவது?” என்றார். ஆட்சேபணை சொல்லத் தெரிந்திருந்தால் நான் அங்கே நின்றிருப்பேனா.

இன்று காலை கிடங்குக்குப் போனோம். பாட்டில் தொட்டிப் பக்கம் என் தேர்தல் பலகை, காகிதத் தொட்டிப் பக்கம் அவள் பலகை. அவளுடைய வண்டியின் பின்பலகையில் இரண்டு பானையும் பக்கத்தில் பக்கத்தில், ஆர்டித் அக்கா கரண்டியோடு. குப்பையைப் போட்டவர்கள் எல்லோரும் தட்டோடு அங்கே வரிசையில் நின்றார்கள். ஊர் வரலாற்றில் முதல் தடவையாக எல்லோர் தட்டிலும் இரண்டு கரண்டி. என்னைப் பார்க்க வந்தவர்கள் நல்லவர்கள்தான், “உன்மேல கோபமெல்லாம் இல்ல ஹார்லன், ஆனா கர்னலுக்குப் போட்டியே, அதத்தான்…” என்று இழுத்துவிட்டுப் போனார்கள். நான் ஊரை இரண்டு பானையாக வைத்துக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவள் ஒரு வாரத்தில் ஒரே அடுப்பில் ஏற்றிவிட்டாள். நல்ல மெம்பராக வருவாள், இதை அவளிடம் சொல்லாதே.

கூட்டம் கலைகிற நேரத்தில் அவள் என் பக்கம் நடந்து வந்தாள். ஏப்ரனில் கை துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “தொகுதியில வீடு வீடாக் கேக்கிறேன், நம்ம வீட்டுல கேக்காம விடலாமா? மெம்பரே, உங்க ஓட்டு எனக்குப் போடுவீங்களா?” என்றாள். ஹெட்டி பின்னால் நின்று, கையைத் திருப்புங்கப்பா, திருப்புங்க என்று கிசுகிசுத்தாள். இல்லை என்று எழுதிய பக்கம் என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உன் அம்மா மூக்கில் கொஞ்சம் வெல்லப்பாகு. நாய்க்குப் போனது தெரியாமல் இத்தனை காலம் எனக்கென்று ஆக்கிப் போட்டவள். கை திரும்பவில்லை, வெஸ்லி. “அதுக்கென்ன, போட்டுட்டாப் போச்சு” என்றேன்.

கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லை, என் வாக்கு அவளுக்குத்தான். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன், ஹெட்டிக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயதாகவில்லை, நம் வீட்டில் எனக்கு விழக்கூடிய ஓட்டு உன்னுடையது ஒன்றுதான். தபால் ஓட்டுக்கு இப்போதே எழுதிப் போடு, கடைசி நாள் வரை காத்திருக்காதே. படகில் நனைந்த காலுறையோடு தூங்காதே, இருட்டாத ஊர் என்று தூங்காமலும் இருக்காதே. கடவுள் உன்னைக் கரை சேர்க்கட்டும், உன் வலையை நிரப்பட்டும். கர்னல் உன் செருப்பின் மேல்தான் படுத்திருக்கிறான்.

இடது கையால் ஒப்பமிடும் உன் அப்பா,
ஹார்லன் கிட்ரிட்ஜ்
சட்டமன்ற உறுப்பினர் (நவம்பர் வரை. இது நான் சேர்த்தது இல்லை, அவரே சொன்னார்.)

(அண்ணா, உறையை ஒட்டும் நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்து, “அண்ணன் ஓட்டு எனக்குத்தான் வேணும்னு ஒரு வரி எழுதுடி” என்றாள். இது அப்பாவின் கடிதமாயிற்றே என்று அப்பாவைப் பார்த்தேன். அவர் மாவுக்கட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில், “எழுதிடு, கேக்கிறாளே” என்றார். எழுதிவிட்டேன்.)