இரண்டாவது சீட்டு

செஞ்சி,
மே 26

அன்புள்ள ரஞ்சனிக்கு,

டெய்சி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். திருப்பூரில் நீயும் உன் சித்தப்பா வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். நேற்றிலிருந்து உனக்கு வாட்ஸ்அப்பில் மூன்று முறை டைப் செய்து மூன்று முறையும் அழித்துவிட்டேன். போனில் பேசினால் நீ ஏதாவது சொல்லிச் சிரிப்பாய், நானும் கூடச் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் கடிதம். உறைக்குள் சுருட்டிய சின்னக் காகிதம் ஒன்று இருக்கும். இதைப் படித்து முடித்த பிறகு அதைப் பிரி.

ஊரில் வெயில் தாங்கவில்லை. ராஜகிரிக் கோட்டைக் குரங்குகள் பஸ் ஸ்டாண்டு வரை தண்ணீர் தேடி வருகின்றன. ஒன்று நைனாவின் டிபன் பாக்ஸைத் திறந்து, உப்புமாவைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விட்டதாம். அதை வீட்டில் சொன்னதற்கு அம்மா இன்னும் நைனாவிடம் பேசவில்லை.

நேற்று மார்க்கெட் கமிட்டி வாசலில் உங்கம்மாவைப் பார்த்தேன். என் மடியில் அவித்த மல்லாட்டை ஒரு கை நிறையப் போட்டுவிட்டு, உன்னைப் பற்றிச் சொன்னார். "இன்னாத்த சொல்றது டெய்சி, மார்க்கு நல்லாத்தான் வாங்கியிருக்கா. பதினொண்ணுல கணக்கு குரூப்பு எடுடின்னா வேணாம்ன்றா. நான் எதத் தொட்டாலும் வெளங்காதும்மா, பனியன் கம்பெனிக்கே போறேன்றா. மார்கழியில மல்லாட்ட போடறப்ப மொத கொட்டைய போடுடின்னேன். என் கை ராசியில்லாத கைன்னுட்டு கொல்லிய விட்டே போய்ட்டா. நீயாவது சொல்லேன், நீ சொன்னா கேப்பா" என்றார்.

நான் தலையாட்டினேன். மடியிலிருந்த வேர்க்கடலையை உரிக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

தளவானூரில் உங்கள் தெருவில் யார் விதைத்தாலும் முதல் கொட்டையை உன்னைத்தான் போடச் சொல்வார்கள். அந்தக் கை எப்போது ராசியில்லாத கையானது என்று உங்கம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன டிசம்பரில் சென்னையில் நடந்த கணக்கு முகாமுக்கு நம் பள்ளியிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். மாதத் தேர்வில் நாம் இருவரும் தொண்ணூற்று நான்கு. மணிமொழி டீச்சர் காசு சுண்டிப் பார்க்கலாம் என்று பர்ஸைக் கவிழ்த்தார். ஒரு நாணயம்கூட விழவில்லை. "எல்லாம் போன்லயே போவுது, காயினுக்கு எங்கடி போறது" என்று சிரித்துவிட்டு, "டெய்சி, நீ கோயில்ல புத்தாண்டுக்கு பைபிள் வசனச் சீட்டு சுருட்டுவியே, அதே மாதிரி ரெண்டு பேர் பேரையும் எழுதிச் சுருட்டு. ரஞ்சனி எடுக்கட்டும். எழுதறது ஒருத்தி, எடுக்கறது ஒருத்தி. அப்புறம் சண்ட வரக்கூடாது" என்றார். பின் பெஞ்சிலிருந்து அனு கத்தினாள்: "ரஞ்சனி கைன்னா அவ பேருதான் வரும். டெய்சி, நீ பொட்டி கட்டாத!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, பயந்துவிட்டேன். கணக்குப் புத்தகத்தைக் கதைப்புத்தகம் மாதிரி படிக்கிற நான் உன் கைராசிக்குப் பயந்தேன், ரஞ்சனி. இரண்டு சீட்டு என்றால் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு எனக்கும் உண்டு என்று புத்தி சொன்னது. உன் கையைப் பார்த்தால் அந்தப் புத்தி ஓடிவிட்டது.

முதல் சீட்டில் டெய்சி என்று எழுதினேன். இரண்டாவதிலும் டெய்சி என்றே எழுதினேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாய். பிரித்து, என் பெயரைச் சத்தமாகப் படித்தாய். முதலில் கை தட்டியது நீதான். அந்த நேரத்தில் மேசைமேல் கிடந்த இன்னொரு சீட்டை எடுத்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள் போட்டுக்கொண்டேன். போகும்போது முகாமுக்கு வைத்துக்கொள் என்று உன் நீல ஸ்வெட்டரைக் கொடுத்தாய். அங்கே ஐந்து நாளும் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. புத்தாண்டுக்கு முந்தின நாள் திரும்பி வந்தும் சீட்டுச் சுருட்டக் கோயிலுக்குப் போகவில்லை. பஸ்ஸில் வந்த களைப்பு என்று, அங்கே என்னோடு சீட்டுச் சுருட்டும் ஜாஸ்மின் அக்காவிடம் பொய் சொன்னேன்.

ஜனவரியில் நிகழ்தகவுப் பாடம் வந்தது. கட்டாயம் நடப்பது உறுதி நிகழ்ச்சி, நடக்கவே முடியாதது இயலா நிகழ்ச்சி, பகடையில் ஏழு விழுவது போல என்று டீச்சர் நடத்தினார். பிறகு, "நம்ம சீட்டையே எடுத்துக்குவோம். டெய்சி பேர் வர நிகழ்தகவு எவ்ளோ? டெய்சியே சொல்லட்டும்" என்றார். எழுந்து நின்று, "இரண்டில் ஒன்று, டீச்சர்" என்றேன். வெரி குட் என்றார். உட்கார்ந்ததும் நீ என் காதில், "என் பாதியையும் சேத்து எடுத்துக்கினு போய்ட்டடி, திருடி" என்று கிள்ளினாய். நீ விளையாட்டாகச் சொன்னாய்.

சரியான விடை முழு ஒன்று. நான் போவது உறுதி நிகழ்ச்சி. நீ போவதுதான் அந்த ஏழு.

கைராசி என்று ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்கு உன் கை எதிலும் தோற்கவில்லை. எடுப்பதற்கு உன் பெயர் அங்கே இல்லவே இல்லை. நான் செய்த திருட்டை நீ ஆறு மாதமாக உன் கைமேல் போட்டுச் சுமக்கிறாய். எனக்கு அது நேற்றுத்தான் தெரிந்தது என்று எழுத ஆசை. அதுவும் பொய். ஸ்வெட்டரைத் திருப்பிக் கொடுத்த அன்றே, "என் கை சரியில்லடி" என்றாய். கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு மணிமொழி டீச்சர் வீட்டுக்குப் போகிறேன். சொல்லிவிடுவேன், அது உறுதி என்று எழுத வந்தேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. போய்ச் சொல்கிறேன். நீயே டீச்சரிடம் கேட்டுக்கொள். உங்கம்மாவிடமும் நானே சொல்வேன். என்னைத் திட்டட்டும்.

பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. என்னோடு பேச வேண்டாம், என் பெஞ்சில் உட்கார வேண்டாம். கணக்கு குரூப்பில் உன் பெயரை உன் கையாலேயே எழுதிக் கொடு. ஆடியில் மழை பெய்து உங்கள் கொல்லி நிலத்தில் மறுபடி மல்லாட்டை போடும்போது முதல் கொட்டையை நீ போடு.

இப்போது அந்தச் சீட்டைப் பிரித்துப் பார். நீ எடுக்காமல் விட்டது அதுதான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்,
டெய்சி