வாளியில் புழு

ஏனுங்க,

அரிசிம்பருப்புச் சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்குதுங்க. நான் இல்லாத நேரமாப் பார்த்து வந்து, துணி எடுத்துட்டு சோமனூர் தறிக்குடோனுக்கே போயிர்றீங்க. இன்னைக்காவது உண்டுட்டுப் போங்க.

உங்கக்கா ஊட்டுத் தொட்டியில கொசுப்புழு இருந்துச்சு, நோட்டீஸ் குடுத்தேன். ஹெல்த் டிபார்ட்மெண்ட்டுல என்ற வேலையே அதுதானுங்க. அதுக்கு இத்தனை நாளா மூஞ்சி குடுக்காம இருக்கறதா?

கோவிச்சுட்டுப் போன அன்னைக்கு நீங்க குளிக்கன்னு புடிச்சு வெச்ச வாளியில இன்னைக்குப் புழு நெளியுது. ஒரு வாரமாத் தண்ணி அசையாம நின்னா வராம என்னங்க பண்ணும்? ஊரூட்டுத் தொட்டியெல்லாம் டார்ச் அடிச்சுப் பாக்கறவ, இதைப் பாக்கலை. நம்மூட்டுக்கும் நோட்டீஸ் எழுதி ஒட்டிப்போட்டேன். காரணம்னு கேட்ட இடத்துல 'குளிக்க ஆளில்லை'ன்னு எழுதியிருக்கறேன்.

செவ்வந்தி

வேற தண்ணி புடிச்சு மூடி வெச்சிருக்குதுங்க. வெள்ளிக்கிழமை மறுபடி வாளியப் பாக்கோணும். நோட்டீஸ் குடுத்த எந்த ஊட்டுக்கும் அதுதான் ரூலு.