எதற்கும் உன்னையே கேட்கிறது

என் மகளுக்கு,

எழுத்தைப் பெரிதாக்கு, வேண்டாததை நீக்கு, அப்டேட்டைத் தள்ளிப்போடாதே என்று கம்ப்யூட்டரில் நீ ஒட்டிவிட்டுப் போன குறிப்பால் என் உயிர் போகிறது. எதை நீக்கப் போனாலும் உன் பாஸ்வேர்டைக் கேட்கிறது.

நீங்கள் இருவரும் மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்ற அன்று, "இந்த வீட்ல உனக்கு ஒரு உரிமையும் இல்ல" என்று கத்தினேன். இந்தச் சனியனோ உன்னைக் கேட்காமல் கடிகாரத்தைக்கூடத் திருத்த விடமாட்டேன் என்கிறது.

உன் அம்மா சிரிக்கிறாள். "வாங்கின அன்னிக்கு அவளையே பொறுப்பா போடச் சொன்னது நீங்கதானே."

பாஸ்வேர்டை எழுதி அனுப்பாதே. எனக்குத் தப்புத்தப்பாகத்தான் அடிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து போட்டுக் கொடு. மேசையையும் நகர்த்த வேண்டும், என்னால் தனியாக முடியாது. மாப்பிள்ளையையும் கூட்டி வா.

இப்படிக்கு,
அப்பா