யாரும் திறந்து பார்க்காத பேக்கப்

பிப்ரவரி 9

என் அருமை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், முழங்கால் போனபிறகு, நாற்பத்திரண்டு வயதில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கிளவுட் வேலைக்குப் போகிறான் என்றால் நம்ப முடிகிறதா? எனக்கு முடிகிறது. ஒரு வருஷம் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதியவன் நான்தானே. நீ ஐந்து வருஷம் இருந்த கம்பெனி என்பதால் உன் சிபாரிசும் சேர்ந்துகொண்டது. அதை மறக்கவில்லை.

என் நரைத்த தலையைப் பார்த்து முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்றார்கள், புது மேனேஜர் என்று நினைத்து. டிரெய்னி என்று தெரிந்ததும் உட்கார்ந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"கிளவுட்னா என்னங்க?" என்று உன் அண்ணி கேட்டாள். "எங்கேயோ ஒரு கட்டடத்துல இருக்கிற கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, இங்க உக்காந்து ஓட்டறது" என்றேன். "இதுக்கா ஒரு வருஷம் படிச்சீங்க?" என்கிறாள்.

மூன்றாம் நாள், பயிற்சி சர்வர் என்று நினைத்துப் பக்கத்து சீட் பெண்ணின் சர்வரை அணைத்துவிட்டேன். அவளுக்கு அரை நாள் வேலை போச்சு. டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். இப்போது எதை அணைத்தாலும் முதலில் அதன் பெயரை வாய்விட்டுப் படிக்கிறேன். சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

உன் அண்ணன்


பிப்ரவரி 17

அன்புள்ள டிரெய்னி அண்ணாவுக்கு,

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்துச் சிரித்து மாட்டிக்கொண்டேன். சர்வரை அணைக்காமல் இந்த வேலை கற்றவர் எவரும் இல்லை. நான் அணைத்ததைக் கேட்டால் நீ என் காலில் விழுவாய்.

ஒரு சேதி. உன் கம்பெனி என்னைத் திரும்பக் கூப்பிடுகிறது, கிளவுட் பிரிவுக்கே தலைவியாக. மார்ச் இருபதாம் தேதி கடைசி நேர்காணல். எத்தனை வருஷம் இதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்தேன் என்று உனக்குத் தெரியும். கிடைத்துவிட்டால் காலையில் நீ எனக்கு "குட் மார்னிங் மேடம்" சொல்ல வேண்டும். இப்போதே கண்ணாடி முன் நின்று பழகு.

அதுவரை பயமில்லாமல் வேலை பார். உன் கம்பெனி பார்த்துக்கொள்ளும் பன்னிரண்டு கிளினிக்குகளின் நோயாளிப் பதிவேடுகள் ஓடுவதும், தினமும் அவற்றுக்கு பேக்கப், அதாவது காப்பு நகல், எடுப்பதும் நான் கட்டிவிட்டு வந்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்.

உன் வாலு


மார்ச் 12

என் அருமை வாலுவுக்கு,

இதை போனில் சொன்னால் உன் குரலைக் கேட்டு என் மனசு மாறிவிடும். அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்று அந்த பேக்கப்பைச் சரிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்து 'சரி' போட வேண்டும், அவ்வளவுதான். நான் பழைய புத்தியில், "இதுல ஒண்ணையாவது திறந்து பாத்திருக்கோமா?" என்று கேட்டேன். "அதுக்கு அவசியம் வரலையே சார்" என்றாள் பக்கத்து சீட் பெண். லிஃப்டில் பிரேக்கைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதில்லை நான். எடை ஏற்றி, ஓட்டி, நிறுத்திப் பார்ப்பேன். அதே மாதிரி ஒன்றைத் திறந்து பார்த்தேன். திறக்கவில்லை. அடுத்ததும் இல்லை.

எல்லாம் பூட்டிய நகல்கள். அவற்றைத் திறக்கும் சாவியான ரகசிய எண், கம்பெனியில் உன் பெயரில் இருந்த அக்கவுண்டில் இருந்திருக்கிறது. நீ வேலையை விட்ட வாரமே அந்த அக்கவுண்டை அழித்துவிட்டார்கள். இரண்டு வருஷமாக யாராலும் திறக்க முடியாத பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருக்கிறோம். நாளைக்கு அந்த சர்வர் படுத்தால், எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஆகாது என்பதுகூட யாருக்கும் தெரியாது.

மேனேஜர் ஊரில் இல்லை, போனிலும் கிடைக்கவில்லை. புதுச் சாவி போட அவர் அனுமதி வேண்டும். திங்கட்கிழமை காலை வந்ததும் சொல்லப் போகிறேன். அடுத்தவர் வாயிலிருந்து நீ இதைக் கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதினேன்.

உன் அண்ணன்


மார்ச் 14

அண்ணாவுக்கு,

சொல்லாதே. இருபதாம் தேதி முடியட்டும். நான் வந்து சேர்ந்த முதல் நாளே புதுச் சாவி போட்டுச் சரிசெய்துவிடுவேன், யாருக்கும் தெரியவே தெரியாது. இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. சில நாளில் என்ன குடிமுழுகிப் போகிறது?

உனக்காக அவர்களிடம் பேசியது யார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

தங்கை


மார்ச் 16

என் அருமை வாலுவுக்கு,

காலையில் கிளம்பும்போதே உன் கடிதம் கைக்கு வந்துவிட்டது. கிடைக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படித்தேன். படித்துவிட்டுத்தான் போய்ச் சொன்னேன்.

"யாரு பண்ண வேலை இது?" என்று மேனேஜர் கேட்டார்.

"என் தங்கச்சி சார். அவ கட்டித் தரலேன்னா இங்க ஒண்ணுமே ஓடியிருக்காது. சாவியைத் தன் அக்கவுண்ட்ல வச்சது அவ தப்பு. அந்த அக்கவுண்ட்ல என்ன இருக்குன்னு பாக்காம அழிச்சது நம்ம தப்பு" என்றேன். அவர் அங்கேயே அனுமதியில் கையெழுத்துப் போட்டார்.

மதியத்துக்குள் புதுச் சாவி போட்டு நகல் எடுத்தோம். நானே திறந்து பார்த்தேன். யாரோ ஒரு குழந்தையின் பெயரும், அதற்கு ஆகாத மருந்தின் பெயரும் வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

லிஃப்டில் ஏறுபவர் கீழே குனிந்து பார்ப்பதில்லை, நம்பிக் கால் வைக்கிறார். பிரேக் பிடிக்காது என்று தெரிந்தபிறகு, சரிசெய்ய வழி இருக்கும்போது ஒரு மணி நேரம்கூட அதை ஓடவிட எனக்குத் தெரியாது, வாலு. நீ கேட்ட ஒரே ஒன்றையும் செய்யாமல் போனது நெஞ்சை அறுக்கிறது. ஆனாலும் மறுபடி இப்படி வந்தால் இதையேதான் செய்வேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 11

அண்ணா,

அந்தப் பதவி வேறு ஒருவருக்குப் போய்விட்டது. நேர்காணலில் முதல் கேள்வியே சாவியைப் பற்றித்தான். என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் மரியாதைக்குக் கேட்டது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மூன்று வாரம் பேனாவைத் தொடவில்லை.

போன வாரம் சும்மா இருக்க முடியாமல், இங்கே என் பொறுப்பில் இருக்கும் பேக்கப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மொத்தம் பதினொன்று. இரண்டு திறக்கவில்லை. இரண்டும் நான் கட்டியவை.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. என் பெயரைப் போட்டு மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன்.

உன்மேல் கோபம் இன்னும் போகவில்லை. கடிதத்தில் திட்டினால் ஆறாது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருகிறேன், அண்ணியிடம் சொல்லிவை.

உன் வாலு